ஆங்கிலம் பழகிவரும் மாணவரின் வகுப்பு வேலைக்கு நியாயமாகப் புள்ளியிடல்

இலங்கையின் வடக்கே வன்னியில், சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் இருமொழிக் கல்வி நடைபெறும் பாடசாலைகளில் தரம் 6 இற்கு வரும் பிள்ளை, அதுவரை தமிழில் படித்த கணிதத்தையும் சுற்றாடலையும் திடீரென்று ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அப்பிள்ளையின் கொப்பியைத் திருத்தும் ஆசிரியர், தாம் அளப்பது பாட அறிவையா ஆங்கிலத்தையா என்பதை வேலை கொடுக்கும் முன்னரே தீர்மானித்து, வகுப்புக்கும் சொல்லிவிட வேண்டும். கொப்பிகள் மேசைக்கு வந்த பிறகு எடுக்கும் தீர்மானம் முதற் கொப்பிக்கு ஒருவிதமாகவும், களைத்துப்போய்த் திருத்தும் கடைசிக் கொப்பிக்கு வேறுவிதமாகவும் அமைந்துவிடும்.

கோடையில் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் ஏன் குறைகிறது என்ற வினாவுக்கு 4 புள்ளிகள் எனக் கொள்வோம். ஒரு மாணவி, ‘சன் ஹீற் வோட்டர். வோட்டர் கோ அப். வோட்டர் கோ பாடி ஃபீல்ட். நோ ரெய்ன்’ என்று எழுதுகிறார். இன்னொருவர் ஆவியாதலுக்குப் பாடநூல் தரும் வரைவிலக்கணத்தைப் பிழையேதுமின்றி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். கண்ணுக்கு அழகாகத் தெரிவது இரண்டாவது விடைதான். ஆனால் முதல் மாணவி வெயிலின் வெப்பம், நீர் ஆவியாக மேலெழுதல், சிறுபோக வயல்களுக்கு நீர் திறந்துவிடப்படுதல், மழையின்மை ஆகிய நான்கையும் தொட்டிருக்கிறார். அவருக்கு 4 புள்ளிகளும் உரியவை. குளத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத இரண்டாமவருக்கு 1 புள்ளிக்கு மேல் கொடுக்க இடமில்லை. வயலுக்கு நீர் போவதை ஆசிரியரின் புள்ளித்திட்டம் மறந்திருந்தால் திருத்தப்பட வேண்டியது புள்ளித்திட்டமே. வாய்க்காலோரம் வளர்ந்த பிள்ளைக்கு அது புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டிய செய்தியன்று.

அந்த மாணவியின் ஆங்கிலத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவதும் முறையாகாது. புள்ளியைத் தொடாமல், பக்கத்தின் ஓரத்தில் ஒரேயொரு மொழிக்குறிப்பு எழுதினால் போதும்: இம்முறை ‘கோ’ என்பதை ‘கோஸ்’ ஆக்குவது, அடுத்த முறை ‘த’ சேர்ப்பது என்றவாறு. பக்கம் முழுவதும் சிவப்பு மையால் நிரம்பிய கொப்பியில் பிள்ளை எதையும் வாசிப்பதில்லை, மூடிவைத்துவிடுகிறது.

ஆங்கிலப் பாடத்திலேயே புள்ளியிடும்போது நிலைமை வேறு. அங்கே அளக்கப்படுவது மொழிதான். ஆயினும் அன்று கற்பித்தது இறந்தகால வினை என்றால், அந்த வேலையில் இறந்தகால வினைக்கே புள்ளி குறைக்கலாம். ‘இன்’, ‘ஒன்’, ‘அற்’ ஆகியவற்றை மாறிமாறி எழுதுவது, மூன்றின் வேலையையும் பெரும்பாலும் ‘இல்’ என்ற ஒரே உருபால் முடித்துப் பழகிய பிள்ளையிடம் எதிர்பார்க்கத்தக்க பிழையாகும். அதைக் குறித்துவைத்துப் பின்னர் தனியே கற்பிக்க வேண்டும். அசட்டைக்கான தண்டனையாகப் புள்ளியை வெட்டுதல் தகாது.

பாட அறிவை அளக்கும் வேலையில் சொற்பட்டியல் கொடுக்கலாம், படம் வரைந்து பெயரிடச் சொல்லலாம், பாதி வாக்கியத்தைத் தந்து மீதியை நிரப்பச் செய்யலாம். எழுத்தில் திணறிய பிள்ளையை, மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது மேசையருகே அழைத்து, ‘ஏன் அப்படி நடக்குது?’ என்று தமிழிலேயே கேட்டு, வரும் விடையையும் பதிந்துகொள்ளலாம். இந்த உதவிகளைத் தரம் 9 அளவிலிருந்து படிப்படியாகக் குறைத்துவர வேண்டும், ஏனெனில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் அவற்றை நம்பியிருக்க முடியாது. அவசரப்படவும் வேண்டியதில்லை. அன்றாடப் பேச்சுக்கான மொழியும் பாடம் கற்பதற்கான மொழியும் வேறுவேறு என்று 1979 இல் பிரித்துக் காட்டிய கல்வியியலாளர் ஜிம் கம்மின்ஸ், முன்னையது ஏறத்தாழ 2 ஆண்டுகளிலும் பின்னையது 5 முதல் 7 ஆண்டுகளிலும் கைவருவதாகக் கனடாவில் குடியேறிய பிள்ளைகளை வைத்துக் கூறினார். அங்கே தெருவெங்கும் ஆங்கிலம். மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ பாட வேளை முடிந்தால் ஆங்கிலமும் முடிந்தது.

வீட்டில் செய்துவரும் ஒப்படையைவிட வகுப்பில் கண்முன்னே செய்த வேலைக்குக் கூடுதல் நிறை கொடுப்பதே இங்கு நியாயம் என்பது என் கருத்து. பெற்றோரில் பலரின் படிப்பு 2009 வரையான போர்க்கால இடப்பெயர்வுகளில் அறுந்துபோனது. ஆங்கில ஒப்படைக்கு அவர்களால் கைகொடுக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா ரியூசனுக்குப் போகிறவர் என்றால் ஒப்படை மின்னும், அவ்வளவுதான். குழுவேலையிலும், ஆங்கிலம் பேசத் தெரிந்த ஒருவர் முன்னால் நின்று பேச, பரிசோதனையைச் செய்த மற்ற நால்வரும் பின்னால் ஒதுங்கி நிற்பது வழக்கமாகையால், யார் என்ன செய்தார் என்பதை வேலை நடக்கும்போதே சுற்றிவந்து குறித்துக்கொள்வது நல்லது.

இரக்கப்பட்டுப் புள்ளி போடுவதை அடியோடு தவிர்க்க வேண்டும். விளங்காத பாடத்துக்கு 60 புள்ளி பெற்ற பிள்ளைக்கு அந்தப் பாடத்தை மறுபடி கற்பிக்க எவரும் வரமாட்டார்கள். ஒரே வினாவை எல்லாக் கொப்பிகளிலும் திருத்திய பிறகு அடுத்த வினாவுக்குப் போவதும், பெயரைப் பாராமல் திருத்துவதும், சில கொப்பிகளைச் சக ஆசிரியரிடம் கொடுத்துப் புள்ளியை ஒப்பிட்டுப் பார்ப்பதும் கை ஏறியிறங்காமல் காக்கும்.

தவணை முடிவில் புள்ளிப் பதிவேட்டில் எண் ஒன்றுதான் போகும். ஆனால் பெற்றோர் சந்திப்பில், பாடத்தில் பிள்ளை எங்கே நிற்கிறது, ஆங்கிலத்தில் எங்கே நிற்கிறது என்பதைத் தமிழில் தனித்தனியாக இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். 45 என்ற எண்ணை மட்டும் பார்க்கும் தாய், மகளுக்கு விஞ்ஞானம் ஓடாது என்று முடிவுகட்டி, அடுத்த தவணையே தமிழ்மொழிமூல வகுப்புக்கு மாற்றித் தரும்படி கேட்டு வரக்கூடும்.