ஐப்பசி மழைக்கு முன்னால் வேர் பிடிக்க வேண்டும்: குமரி மாவட்டத்தில் முதல் காய்கறித் தோட்டம்

நம் மாவட்டத்தில் தோட்டம் போடுகிறவர்கள் வெயிலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் செடிகளைக் கொன்றது வெயிலைவிட மழைதான். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து நாலு நாள் நல்ல வெயில் அடித்ததும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஆவணி, புரட்டாசி என்று ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. வயலில் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லை அறுத்துவிட்டு, கும்பப்பூ என்கிற இரண்டாம் போகத்துக்கு உழுகிற அதே நாட்கள். வீட்டுத் தோட்டத்துக்கும் அதுதான் பட்டம். ஓணம் கழிந்ததும் விதை மண்ணில் விழுந்துவிட வேண்டும். அப்போதுதான் அடைமழை வரும்போது செடி தன் காலில் நிற்கும்.

ஒரு சென்ட் இடம் போதும். அதிலும் பாதியில் தொடங்கினால் இன்னும் நல்லது.

இடம் பார்ப்பது

தினமும் 6 மணி நேரம் வெயில் படும் இடம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த மாதத்து வெயில் என்று யாரும் சொல்வதில்லை. ஆடியில் நடுப்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆவணி நடுவில் தலைக்கு நேர் மேலே வரும். அப்புறம் தெற்கே சாய்ந்துகொண்டே போகும். அதனால் ஆடியில் பளிச்சென்று வெயில் அடிக்கிற வீட்டின் வடபுறம், மார்கழியில் நிழலாகிவிடும். உங்கள் விளையில் (தோட்ட நிலத்தில்) தெற்குப் பக்கம் தென்னை நின்றால் அதன் நிழலும் வடக்கே நீளும். 50 அடித் தென்னையின் நடுப்பகல் நிழல் மார்கழியில் ஏறக்குறைய 30 அடி வரும். ஆகவே வீட்டுக்கோ மரத்துக்கோ தென்புறமாகப் பாத்தியைப் போடுங்கள். வழியில்லை என்றால் மரத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் போடுங்கள்.

மண்ணைத் தயார் செய்வது

கல்குளம், விளவங்கோடு பக்கம் பெரும்பாலும் செம்மண், சரல் மண். அதிக மழையில் சத்தெல்லாம் கரைந்து போய் மண் புளித்து, அதாவது அமிலத்தன்மை ஏறிக் கிடக்கும். இதற்குச் சுண்ணாம்பு போட வேண்டும். ஒரு சென்டுக்கு 2 கிலோ நீற்றிய சுண்ணாம்பைத் தூவி, மம்பட்டியால் கொத்தி, மண் ஈரமாக இருக்கும்படி இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். சாணி உரத்தையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் கலக்காதீர்கள், உரத்திலுள்ள தழைச்சத்து காற்றோடு போய்விடும். கடற்கரை மணல் பகுதியில் இருப்பவர்கள் சுண்ணாம்பை மறந்துவிடலாம். அங்கே மக்கிய தொழு உரமும், மக்கவைத்த தென்னை நார்க்கழிவும்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

இரண்டு வாரம் ஆனதும் மேட்டுப்பாத்தி கட்டுங்கள். 3 அடி அகலம், 10 அடி நீளம், ஒரு அடி உயரம். இந்த உயரத்தில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது, அரை அடிப் பாத்தி ஐப்பசியின் இரண்டாவது மழையில் தரையோடு தரையாகிவிடும். பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி வாய்க்கால் விட்டு, தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றிப் பாருங்கள். அது நின்றுவிட்டால் மழைத் தண்ணீரும் நிற்கும். பாத்திக்கு இரண்டு கூடை மக்கிய சாணி உரமும், கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கும் போட்டுக் கலந்துவிடுங்கள். ஓரங்கள் கரையாமல் இருக்கத் தேங்காய் மட்டையை வரிசையாகக் கவிழ்த்து வைத்தால் ஒரு பருவத்துக்குத் தாங்கும்.

எதை, எப்போது விதைப்பது

வழுதலையும் (கத்தரி) மிளகாயும் நாற்று விட்டு நடுபவை. ஆவணி பாதியில் குழித்தட்டிலோ பழைய டப்பாக்களிலோ விதைத்துவிடுங்கள். வழுதலை நாற்று 30 நாளில் தயாராகும், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் ஆகும். தட்டை வெயில் படும் திண்ணையில், ஆனால் மழைச்சாரல் அடிக்காத இடத்தில் வையுங்கள். நாற்றின் கழுத்து மெலிந்து சாய்கிறதே, அந்த அழுகலுக்குப் பெரும்பாலும் அதிகத் தண்ணீர்தான் காரணம். காலையில் ஒரு தடவை பூவாளியால் தெளித்தால் போதும்.

வெண்டையும் நீளப்பயறும் நேராகப் பாத்தியில். புரட்டாசி பிறந்ததும், வெண்டை விதையை முந்தின இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, ஒன்றரை அடி வரிசையில் ஒரு அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். விதை வாங்கும்போது அர்கா அனாமிகா போல மஞ்சள் நரம்பு நோயைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். அந்த நோய் வந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பயறுக்கும் பாகலுக்கும் கொம்பு நட்டுப் பந்தல் வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்குக் கார்த்திகைக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பந்தல்காலை இரண்டு அடி ஆழத்தில் நடுங்கள். காற்றுக்குப் பேர்போன ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருப்பவர்கள் ஆளுயரத்துக்கு மேல் பந்தல் ஏற்ற வேண்டாம்.

தண்டங்கீரையைப் புரட்டாசியில் ஒரு தடவை தூவி, 25 நாளில் பிடுங்கிவிடுங்கள். அப்புறம் மார்கழியில் போடலாம். நடுவில் போட்டால் கனமழை விதையை அள்ளிக்கொண்டு போகும்.

தக்காளி விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன்: முதல் வருடம் ஐப்பசிக்கு முன் நடாதீர்கள். மழையில் பூ உதிரும், இலை கருகும். ஐப்பசிக் கடைசியில் திண்ணையில் நாற்று விட்டு, கார்த்திகைக் கடைசியில் மழை குறைந்ததும் நடுங்கள். தையிலும் மாசியிலும் காய் வரும். முட்டைக்கோசும் காலிஃபிளவரும் ஆசையாக இருந்தால், வெப்பத்தைத் தாங்கும் ரகத்து நாற்றாகப் பார்த்து அதே நாட்களில் நான்கைந்து வையுங்கள். கேரட்டுக்கு நம் வெயிலில் மெனக்கெட வேண்டாம்.

நாற்று நடும் மாலை

நாற்றை மாலை 4 மணிக்கு மேல்தான் நட வேண்டும். நடுவதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சூடோமோனஸ் (நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடி) கலந்து வேரை 20 நிமிடம் நனைத்து வையுங்கள். வழுதலைக்கு இரண்டு அடி இடைவெளி. நட்ட இடத்தைச் சுற்றி விரலால் அழுத்திவிட்டு, மூன்று நாளைக்குத் தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் கொடுங்கள். மழை தொடங்குவதற்கு முன்பே பாத்தி முழுக்கக் காய்ந்த சருகு பரப்புங்கள். மழைத்துளி மண்ணை இலைமேல் தெறிக்கவைப்பது நிற்கும், நோயும் பாதி நிற்கும்.

செடி பகலில் வாடி நின்றால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எனக்கு முதல் வருடம் 18 தக்காளிச் செடிகள் இப்படித்தான் போயின. பூ விட்டு நன்றாக நின்ற செடி, ஒரு மதியம் பச்சை மாறாமலே தலை தொங்கிவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மாலையில் நிமிர்ந்தது, மறுநாள் மறுபடி தொங்கியது, நாலாம் நாள் செத்தது. பக்கத்துச் செடி தொடர்ந்தது.

அது பாக்டீரியா வாடல் நோய். புளித்த மண்ணும் நின்ற தண்ணீரும் அதற்குப் பிடித்தவை. வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் போன்ற வெள்ளை நூல் கீழே இறங்கும். அந்த நூலை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்கு மருந்து கிடையாது. செடியை வேர் மண்ணோடு தோண்டி எடுத்து எரித்துவிட்டு, குழியில் சுண்ணாம்பு போடுங்கள். அந்தப் பாத்தியில் அடுத்த முறை தக்காளி, வழுதலை, மிளகாய் மூன்றும் வேண்டாம், பயறோ வெண்டையோ போடுங்கள்.

கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்த நோயைத் தாங்கும் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா. வழுதலையில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா. மிளகாயில் உஜ்வலா. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போய்வருபவர்களிடம் சொல்லி வாங்கலாம். நம் மாவட்டத்திலேயே திருப்பதிசாரத்து வேளாண் அறிவியல் நிலையமும், பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. வாடிய செடியையும் ஒரு பிடி மண்ணையும் கையோடு எடுத்துப்போய்க் கேளுங்கள்.

பூச்சி

பயற்றின் கொழுந்தில் கறுப்பாக அசுவினி மொய்த்தால் முதலில் கையால் நசுக்குங்கள். மிஞ்சினால் 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டை அரைத்து வடித்த சாறு, 6 கிராம் பார் சோப்புக் கரைசல் மூன்றையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். வழுதலையின் நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கும், ஒரு சாண் கிள்ளி எரித்துவிடுங்கள். பாகற்பிஞ்சு விரல் நீளம் வந்ததும் காகிதக் கூடு மாட்டிவிட்டால் பழ ஈ குத்தாது.

பறிப்பதும் தண்ணீரும்

வெண்டை 45 முதல் 50 நாளில் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். நுனியை ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. பயறும் ஏறக்குறைய அதே கணக்குதான், துவரனுக்கு (தேங்காய் போட்ட பொரியல்) பிஞ்சாகவே பறியுங்கள். வழுதலை மினுமினுப்பு இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். மழை நின்ற பிறகு, மார்கழிப் பாதியிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை வேரடியில் தண்ணீர் விடுங்கள். மாசி வெயிலில் தினமும் வேண்டும். மூடாக்குக் குறைந்த இடத்தில் சருகைத் திரும்பப் போடுங்கள்.

மாசியில் நல்ல செடி ஒன்றில் இரண்டு காயைப் பறிக்காமல் விதைக்கு விடுங்கள். ஹைபிரிட் ரகமாக இருந்தால் இது பலிக்காது. வழுதலை மஞ்சளாகும் வரையும், பயறு செடியிலேயே காய்ந்து கலகலக்கும் வரையும் நிற்கட்டும். விதையை எடுத்து நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடுங்கள். செடியின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆவணி வரும்போது எது எந்த விதை என்று தேட வேண்டியிருக்காது.