லைவ்வெல் குழாய் வேலை: முதலில் வடிகால், பிறகுதான் பம்ப்

படகில் லைவ்வெல், அதாவது பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டி, போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது பம்ப்தான். மணிக்கு எத்தனை காலன் என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும், பார்த்தவுடன் ஆசை வரும். ஆனால் தண்ணீரை உள்ளே கொண்டுவர மோட்டார் இருக்கிறது. வெளியே தள்ள யாரும் இல்லை, அது தன் எடையாலேயே வழிந்து போயாக வேண்டும். படகுக்குள் தண்ணீர் கட்டுவது, தொட்டி காலியாகாமல் நாறுவது போன்ற தொல்லைகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. அதனால் வேலையை வடிகாலிலிருந்து ஆரம்பிப்போம்.

இங்கே நான் சொல்வது அமெரிக்க ஏரிகளில் சாதாரணமாகப் பார்க்கும் 14 முதல் 16 அடி அலுமினியப் படகுக்கு. பின்னால் அவுட்போர்டு மோட்டார், 12 வோல்ட் பேட்டரி, 50-60 லிட்டர் பிடிக்கும் தொட்டி. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே வெயிலில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பாஸ் மீன் திணறத் தொடங்கும். அதனால்தான் தேங்கிய தண்ணீர் போதாது, ஓடும் தண்ணீர் வேண்டும்.

படி 1: நீர்மட்டக் கோட்டைக் குறியுங்கள்

துளை போடும் முன் படகைத் தண்ணீரில் இறக்குங்கள். வெறும் படகாக வேண்டாம். பெட்ரோல், பேட்டரி, சாமான்கள், வழக்கமாக வரும் ஆட்கள் எல்லாம் ஏறட்டும். லைவ்வெல்லில் நிற்கப்போகும் 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ, அந்த எடைக்குத் தண்ணீர் கேன்களைத் தொட்டி வரும் இடத்திலேயே வையுங்கள். ஒருவரைப் பின்பக்கம் வந்து நிற்கச் சொல்லுங்கள். இப்போது பின்பலகையில் (படகின் பின்சுவரில்) தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே டேப் ஒட்டுங்கள். உள்ளே இழுக்கும் துளை இந்தக் கோட்டுக்குக் கீழே, வெளியே விடும் துளை இந்தக் கோட்டுக்கு மேலே. மற்றதெல்லாம் இந்த ஒரு கோட்டை வைத்துத்தான்.

படி 2: வடிகால்

தொட்டியின் அடிப்பகுதி அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் அதிர்ஷ்டம். கீழே இருந்தால், படகு மிதக்கும்போது தொட்டி முழுதாகக் காலியாகவே ஆகாது. வெளியே ஏரி எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்தோடு நின்றுவிடும். பலர் குழாயில் அடைப்பு என்று நினைத்து மணிக்கணக்கில் கம்பி விட்டுக் குத்துவது இந்த நிலையைத்தான். முடிந்தால் தொட்டியைக் கொஞ்சம் உயர்த்தி ஒரு சட்டத்தில் உட்கார வையுங்கள். ரொம்ப உயர்த்தினால் படகு ஆட்டம் காணும், கவனம். உயர்த்தவே முடியாதென்றால், காலி செய்வதற்குத் தனியாக இன்னொரு சிறு பம்ப் வையுங்கள், அல்லது டிரெய்லரில் ஏற்றிய பிறகு திறந்துவிடுங்கள்.

தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது நிற்குழாய் முறை. தொட்டியின் அடியில் ஒரே ஒரு வடிகால் துளை. மொட்டைமாடித் தொட்டியில் போடும் டேங்க் நிப்பிள் மாதிரி ஒரு ஃபிட்டிங்கை இரண்டு பக்கமும் வாஷர் வைத்து இறுக்குங்கள். அதில் ஒரு பிவிசி பைப்பை நெட்டாகச் செருகுங்கள், ஒட்ட வேண்டாம். தண்ணீர் பைப்பின் வாய் வரை ஏறி அதற்கு மேல் வழிந்து போகும். காலி செய்ய வேண்டுமா, பைப்பைப் பிடுங்கினால் போதும். வால்வு வேண்டாம், இரண்டாவது துளை வேண்டாம்.

பைப்பின் வாய், தொட்டி விளிம்பிலிருந்து 7-8 சென்டிமீட்டராவது கீழே இருக்கட்டும். வாய்க்கு மேல் நிற்கும் அந்தச் சிறு உயரம்தான் தண்ணீரை வெளியே தள்ளும் ஒரே விசை. அந்த உயரம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முக்கால் இன்ச் பைப் நிமிடத்துக்குத் தோராயமாக 10 லிட்டர் விடும், 1⅛ இன்ச் பைப் 23 லிட்டர், ஒன்றரை இன்ச் பைப் 40 லிட்டர். மணிக்கு 500 காலன் என்ற பம்ப், பெட்டியில் போட்டபடியே தள்ளினால் நிமிடத்துக்கு 31 லிட்டர். ஹோஸ், உயரம் எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு வராது என்பது உண்மைதான். இருந்தாலும் முக்கால் இன்ச்சில் உள்ளே விட்டு முக்கால் இன்ச்சிலேயே வெளியே விட்டால் தொட்டி பொங்கிப் படகுக்குள் கொட்டும். உள்ளே முக்கால், வெளியே ஒன்றரை. கடைக்காரர் 1⅛ போதும் என்பார். ஒரு இலை வந்து அடைத்தால் அது போதாது, நான் ஒன்றரைக்குக் கீழே இறங்க மாட்டேன்.

பைப்பின் வாயில் வலையோ துளையிட்ட மூடியோ கட்டாயம். இல்லாவிட்டால் சின்ன கிராப்பி மீன் ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும். அடியிலிருந்து பின்பலகை வரை ஹோஸ் முழுக்கச் சரிவாகவே இறங்க வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி, ஓட்டம் குறைந்துவிடும்.

படி 3: உள்ளே வரும் வழி

லைவ்வெல் பம்புகள் காற்றை உறிஞ்சித் தண்ணீரை இழுக்கும் வகை அல்ல. தண்ணீர் தானாக வந்து பம்பை நிரப்ப வேண்டும், அதனால் பம்ப் நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே உட்கார வேண்டும். பின்பலகையில் துளை போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: டிரெய்லரின் தாங்கு பலகை அங்கே முட்டுகிறதா, உள்ளே சட்டம் ஏதும் குறுக்கே வருகிறதா, மீன் பார்க்கும் சோனாரின் டிரான்ஸ்டியூசருக்கு (ஒலியை அனுப்பி வாங்கும் பகுதி) பக்கத்தில் இருக்கிறதா. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறக்கிறார்கள். துளை கிளப்பும் சுழலில் சோனார் திரை குப்பையாகிவிடும்.

முதலில் சின்ன டிரில் பிட்டால் வழித்துளை போட்டு, பிறகு ஹோல்சா (வட்டமாக அறுக்கும் பிட்). அலுமினியத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். பல படகுகளின் பின்பலகைக்கு நடுவில் பிளைவுட் இருக்கும். துளையின் உள்சுவரில் மரம் தெரிந்தால் எபாக்சி பூசிக் காயவிட்டுத்தான் ஃபிட்டிங் போட வேண்டும், இல்லையேல் உள்ளேயே ஊறி அழுகும்.

ஃபிட்டிங் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ, மாரெலான் போன்ற கண்ணாடியிழை கலந்த நைலானாகவோ இருக்கட்டும். வெண்கலம் வேண்டாம். ஃபைபர் படகில் அது நல்ல பொருள்தான், ஆனால் அலுமினியத்தோடு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) பாலியூரித்தேன் வகை, 3எம் 4200 போல. அதே கம்பெனியின் 5200 இன்னும் வலுவானது, ஆனால் பிற்காலத்தில் கழற்ற நினைத்தால் ஃபிட்டிங் உடைந்துதான் வரும். சீலன்ட் பூசி ஃபிட்டிங்கை முதலில் மிதமாக இறுக்கி, காய்ந்த பிறகு முழுதாக இறுக்குங்கள். முதலிலேயே பலம் காட்டினால் எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

துளைக்கும் பம்புக்கும் நடுவே ஒரு பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பி மூடும் வால்வு). பம்ப் கெட்டால் படகைக் கரையேற்றாமலே மாற்றலாம். ஹோஸ் வெடித்தால் ஏரியை நிறுத்த உங்களிடம் இருக்கும் ஒரே கதவும் அதுதான்.

பம்பிலிருந்து வரும் ஹோஸ் தொட்டியின் அடியில் சேரக்கூடாது. மேல் விளிம்புக்கு ஏறி, தண்ணீர் மட்டத்துக்கு மேலிருந்து தெளிக்கட்டும். தெளிக்கும்போது காற்று கலக்கும். பம்பை நிறுத்தினால் தொட்டித் தண்ணீர் வந்த வழியே திரும்பி ஓடவும் முடியாது. ஹோஸ் முனை ஏறவில்லையென்றால் வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நீர்மட்டத்துக்குக் கீழே வரும் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளிப்.

படி 4: மின்சாரம்

இது சிறு வேலை. வெள்ளீயம் பூசிய செம்பு வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ப்யூஸ், அதன் அளவு பம்பின் மேல் எழுதியிருக்கும். மூட்டுகளில் சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் உறை போடுங்கள், இன்சுலேஷன் டேப் வேண்டாம். கையில் காசிருந்தால் ஒரு டைமர் ஸ்விட்ச், பம்ப் விட்டுவிட்டு ஓடும், பேட்டரி நாள் முழுக்க வரும்.

படி 5: சோதனை

முதலில் வீட்டு வாசலில். டிரெய்லரில் இருக்கும்போதே தோட்டத்து ஹோஸால் தொட்டியை நிரப்பி வழியவிடுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவு அதில் தெரியும். பிறகு ஏரியில் இறக்கி, டிரெய்லரோடு கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் பத்து நிமிடம் படகுக்குள் அடியில் தண்ணீர் சேர்கிறதா என்று பாருங்கள்.

பம்ப் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லையா? காற்று அடைத்திருக்கும். மோட்டாரை ரிவர்ஸில் மெதுவாகக் கொடுங்கள், தண்ணீர் துளைக்குள் முட்டிக் காற்றைத் தள்ளிவிடும்.

கரையேறும்போது

ஜீப்ரா மஸல் என்ற சிறு சிப்பி 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது, 2009-இல் டெக்சஸின் டெக்சோமா ஏரிக்கு வந்துவிட்டது. அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, லைவ்வெல்லின் அடியில் தங்கும் ஒரு குவளைத் தண்ணீரிலேயே பயணம் செய்யும். அதனால் டெக்சஸில் 2014 ஜூலை முதல், பொது நன்னீர்நிலைகளுக்கு வரும்போதும் போகும்போதும் படகின் தண்ணீரை முழுக்க வடித்தாக வேண்டும். மினசோட்டாவில் ரோட்டில் போகும்போது வடிகால் ப்ளக்குகள் கழற்றியே இருக்க வேண்டும். ஆகவே மீனை ஐஸ் பெட்டிக்கு மாற்றி, நிற்குழாயைப் பிடுங்கி, பால் வால்வையும் திறந்து, படகின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி ராம்ப் (படகு இறக்கும் சரிவு) பக்கத்திலேயே சற்று நிறுத்துங்கள். பம்பையும் சில நொடி ஓட்டினால் அதற்குள் நிற்கும் தண்ணீர் போய்விடும். அதற்கு மேல் ஓட்டாதீர்கள், வறண்டு ஓடினால் பம்ப் கெடும்.

குளிர்காலத்தில் உறையும் ஊர்களில், வடித்த பிறகும் பம்பின் வயிற்றில் தங்கும் தண்ணீர் உறைந்து அதைப் பிளந்துவிடும். பிங்க் நிற, விஷமில்லாத ப்ரொப்பிலீன் கிளைகால் ஆன்டிஃப்ரீஸைக் கொஞ்சம் ஊற்றி ஓட்டிவிட்டு மூடுங்கள். காருக்குப் போடும் பச்சை நிறத்தது வேண்டாம், அது ஏரிக்கும் மீனுக்கும் விஷம். கழற்றிய ப்ளக்குகளை மோட்டார் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்தால், வசந்தத்தில் அவற்றைப் போடாமல் படகைத் தண்ணீரில் இறக்க வாய்ப்பில்லை.