காரச் சமையலுக்கு ஏற்ற இத்தாலியக் கலவை ஒயினைத் தேர்ந்தெடுக்கும் முறை

கோலாலம்பூர்க் கடைகளில் விற்கப்படும் இத்தாலியச் சிவப்பு ஒயின் புட்டிகள் பலவற்றில் திராட்சையின் பெயருக்குப் பதிலாக வட்டாரத்தின் பெயரே அச்சிடப்பட்டிருக்கும். எந்தத் திராட்சைகளை எந்த விகிதத்தில் கலக்கலாம் என்பதை அந்தந்த வட்டாரத்தின் விதிமுறை வகுத்திருப்பதால், ஊரை அறிந்தவர் சுவையையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு வாங்கும்போது முதலில் ஆல்கஹால் விழுக்காட்டைப் பாருங்கள். அது மிகுந்தால் மிளகாயின் எரிச்சல் கூடும். துவர்ப்பும் சேர்ந்தால் ஆட்டிறைச்சிப் பெரட்டலின் மசாலா மணமே அடிபட்டுப் போகும். ஆகவே, விலை உயர்ந்தது என்பதற்காக வெனெட்டோ வட்டாரத்தின் அமரோனே ஒயினை வாங்க வேண்டாம். கொர்வீனா, ரொண்டினெல்லா முதலிய திராட்சைகளை அறுவடைக்குப் பின் வாரக்கணக்கில் உலரவைத்து, நீர் வற்றிச் சர்க்கரை செறிந்த நிலையில் பிழிந்து நொதிக்கவிடுவதால், அதில் குறைந்தது 14 விழுக்காடு ஆல்கஹால் இருக்கும். முற்றிய பாலாடைக்கட்டியோடு அருந்த அது அருமையானதுதான். பெரும்பாலும் அதே திராட்சைகளை உலர்த்தாமல் செய்யும் சாதாரண வால்பொலிச்செல்லா இலகுவானது. செர்ரிப்பழ மணம் கொண்டது.

தக்காளியும் புளியும் தூக்கலான குழம்புக்குத் தஸ்கனி வட்டாரத்தின் கியாந்தி கிளாசிக்கோ ஒயின் பொருந்தும். உணவின் புளிப்புக்கு ஈடான புளிப்பு இல்லாத ஒயின் சப்பென்று தோன்றும். கியாந்தி கிளாசிக்கோவில் குறைந்தது 80 விழுக்காடு இடம்பெறும் சாஞ்சியோவேசே திராட்சை இயல்பாகவே புளிப்பு மிக்கது. மீதிப் பங்கில் கனையோலோவோ மெர்லோவோ சேரலாம். புட்டியின் கழுத்திலுள்ள கறுப்புச் சேவல் முத்திரையே அடையாளம்.

ஆனாலும், காரத்துக்கு என் முதல் தேர்வு சிசிலித் தீவின் செரசுவோலோ டி விட்டோரியா. 50 முதல் 70 விழுக்காடு வரை கலக்கும் நேரோ டாவோலா திராட்சை அதற்குச் செறிவைத் தருகிறது. எஞ்சிய பங்கான ஃப்ராப்பாத்தோ திராட்சை துவர்ப்பைத் தணித்து, ஸ்ட்ராபெரியை ஒத்த நறுமணத்தைச் சேர்க்கிறது. 2005இல் இத்தாலியின் மிக உயர்ந்த தரப்பிரிவான டிஓசிஜி தகுதியைப் பெற்ற இந்த ஒயின், சற்றே குளிரவைத்தாலும் சுவை குன்றாது.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பிய அறைகளுக்குச் சரி. 30 பாகைக்கு மேல் காயும் நம் ஊருக்கு அது பொருந்தாது. பரிமாறுவதற்கு முன்பு புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கியாந்திக்கு 16 பாகையும் செரசுவோலோவுக்கு 14 பாகையும் இதமாக இருக்கும். மிஞ்சியதை மூடி அதே பெட்டியில் வைத்து, ஓரிரு நாளில் அருந்திவிட வேண்டும்.