கடைக்கு வெப்சைட் போடப் போகிறீர்களா? தளத்துக்கு முன்னால் டொமைன்

வெப்சைட் கட்ட எந்தத் தளம் நல்லது, வேர்ட்பிரஸ்ஸா, விக்ஸா, ஷாப்பிஃபையா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, டொமைன், அதாவது சைட்டின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாமாவுக்கு முந்திரிக் கடை. வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனையும் தன்னுடைய மெயில் ஐடியிலேயே வாங்கிவிட்டார். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது, அப்புறம் அவர் போனை எடுப்பதில்லை, புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் அவருக்கே போயிருக்கிறது, தீபாவளிக்கு முந்தின வாரம், ஆர்டர் குவிகிற நேரத்தில், சைட் திறக்கவில்லை. அந்தப் பெயர் கடைசி வரை திரும்பக் கிடைக்கவே இல்லை. அச்சடித்து வைத்திருந்த கவர்கள் மேல் அத்தை கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பெயர் மறைகிற மாதிரி ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

அதனால் டொமைனை உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் நீங்களே வாங்குங்கள். உள்ளூர் வியாபாரத்துக்கு டாட் இன் (.in) என்று முடிகிற முகவரி போதும். விளம்பரத்தில் போடுகிற முதல் வருட விலையை நம்பி இறங்காமல் புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று பாருங்கள், 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. டொமைன் கையில் இருந்தால், தளம் பிடிக்கவில்லை என்றாலும் வேறு தளத்துக்குப் போய்க்கொள்ளலாம்.

சரி, தளம். விலாசம், திறக்கும் நேரம், நாலு படம், ஒரு வாட்ஸ்ஆப் பட்டன், இவ்வளவுதான் வேண்டும் என்றால் கூகுள் சைட்ஸ் போதும். தையல் கடை, டியூஷன் சென்டர், ஏசி மெக்கானிக் எல்லாருக்கும் இதைத்தான் சொல்வேன். இலவசம், ஒரே நாளில் முடித்துவிடலாம், சொந்த டொமைனையும் இணைக்கலாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தாலே குட்டி வெப்சைட் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை, 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். மேப் பதிவு இன்னும் இலவசம்தான், அதை விடாதீர்கள்.

புதுச்சேரி பீச் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்களுக்குப் படங்கள் அழகாகத் தெரிய வேண்டும், அதற்கு விக்ஸ் சுலபம். ஆனால் விக்ஸில் கட்டியதை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்கு (சைட்டை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் இடம்) போக முடியாது, மாறினால் திரும்ப முதலிலிருந்து கட்ட வேண்டும். இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் வரும், சொந்த டொமைனும் போட முடியாது.

வேர்ட்பிரஸ்ஸில் டாட் காம், டாட் ஆர்க் என்று இரண்டு உண்டு, பலர் இதில்தான் குழம்புகிறார்கள். டாட் காம் என்பது அவர்களே நடத்திக் கொடுக்கிற சேவை. டாட் ஆர்க்கில் கிடைப்பது இலவச மென்பொருள், ஹோஸ்டிங் வாங்கி நீங்களே நிறுவ வேண்டும். அதில் எல்லாம் உங்கள் கையில் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றலாம், வூகாமர்ஸ் என்கிற விற்பனைக்கான இணைப்பு மென்பொருளைச் சேர்த்தால் அதுவே கடையாகிவிடும். ஆனால் அப்டேட் போடவும் பேக்கப் எடுக்கவும் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும், இல்லையென்றால் என்றைக்காவது ஹேக் ஆகும். அப்படி ஆள் இல்லாத கடைக்கு ஷாப்பிஃபை மாதிரி மாதக் கட்டணத் தளம்தான் நிம்மதி. கட்டணத்தோடு முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்: அவர்களுடைய சொந்த பேமென்ட் சேவை இந்தியாவில் இல்லாததால் வேறு கேட்வே (வாங்குகிறவரிடம் பணம் வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் சேவை) இணைக்க வேண்டும், அந்த கேட்வேயின் கமிஷன் போக ஷாப்பிஃபையும் ஒவ்வொரு விற்பனையிலும் கொஞ்சம் எடுக்கும்.

மாமாவின் புது சைட்டுக்கு இரண்டு தளங்களில் சோதனைக் கணக்கு திறந்து, அத்தையின் போனிலேயே போட்டு, "320 கால் கிலோ விலையை மாற்றுங்க அத்தை" என்று கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். (320 என்பது முந்திரி ரகம், ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரை நிற்கும், எண் குறையக் குறைய பருப்பு பெரிசு.) ஒன்றில் எங்கே போவது என்றே தெரியாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். இன்னொன்றில் நான் வாய் திறக்காமலேயே மாற்றிவிட்டார், அதைத்தான் எடுத்தோம். விலையைத் தினமும் மாற்றப் போகிறவர் யாரோ அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் ஜி.எஸ்.டி.க்கு அது வெளி மாநிலம் மாதிரி. சரக்கு எல்லை தாண்டினால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, விற்பனை சின்னதாக இருந்தாலும் பதிவு வேண்டும், பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடுகிற ஜி.எஸ்.டி.) வர வேண்டும். வாங்குகிறவரின் முகவரியைப் பார்த்து வரியைத் தானே மாற்றிப் போடுகிற தளமா என்று முதலிலேயே சோதித்துவிடுங்கள். ஆன்லைன் கடை வைக்கும் முன் உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டி.டி.பி. கடையில் அடித்து வாங்கிய தமிழ் நோட்டீஸ் பாமினி எழுத்துருவில் இருந்தால், அதை சைட்டில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எல்லா போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றிய பிறகு போடுங்கள். நோட்டீஸைப் படமாகப் போட்டு முடித்துவிடாதீர்கள், கூகுளில் தேடுகிறவருக்குக் கிடைக்க வேண்டியது எழுத்து.

எல்லாம் முடிந்ததும் ஒரு ரூபாய்க்கு ஒரு பொருளை ஏற்றி, வைஃபையை அணைத்துவிட்டு, வேறு ஒருவர் போனிலிருந்து யு.பி.ஐ.யில் வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு எத்தனை நாளில் வருகிறது என்று பாருங்கள். வந்த பிறகு கவருக்கும் விசிட்டிங் கார்டுக்கும் அச்சகத்தில் கொடுக்கலாம்.