1.020-இலேயே நிற்கும் பீர்: என்ன செய்யலாம்?

வீட்டிலேயே பீர் தயாரிக்க மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்தின் இனிப்புச் சாறு) கிட் வாங்கி 20 லிட்டர் பேல் ஏல் என்ற பீர் வகையைப் போட்டிருக்கிறீர்கள். தொடக்க கிராவிட்டி (தண்ணீரை 1.000 என்று வைத்துச் சொல்லும் அடர்த்தி; சர்க்கரை நொதிக்க நொதிக்க இறங்கும்) 1.050. மூன்று நாள் நுரை பொங்கியது, பிறகு அடங்கியது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் 1.020. முடிய வேண்டியது 1.010, 1.012 பக்கம். இப்போது என்ன செய்வது?

முதலில், பாட்டிலில் ஊற்றிவிடாதீர்கள். கிராவிட்டி ஒரு புள்ளி (0.001) இறங்கினாலே பீரின் கன அளவில் ஏறத்தாழ அரை மடங்கு கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். மீதமுள்ள எட்டுப் புள்ளியும் மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் நான்கு மடங்கு வாயு. சாதாரண ஏலுக்கு மொத்தமே இரண்டு, இரண்டரைதான் தேவை. பாட்டில் வெடித்தால் கண்ணாடிச் சில்லு அறை முழுக்கப் பறக்கும்.

படி 1: நிஜமாகவே நின்றுவிட்டதா?

ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் தண்ணீர் அடைப்பு) குமிழி வரவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கெட் மூடி லேசாகக் கசிந்தாலும் குமிழி நின்றுவிடும். ஹைட்ரோமீட்டர் (பீரில் மிதந்து கிராவிட்டியைக் காட்டும் மீட்டர்) சொல்வதுதான் கணக்கு.

அதையும் ஒருமுறை சோதியுங்கள். 20 டிகிரி தண்ணீரில் 1.000 காட்ட வேண்டும் (சில மீட்டர்களுக்கு 15.6 டிகிரி, உள்ளே இருக்கும் தாளில் அச்சிட்டிருப்பார்கள்). பிறகு பீர் மாதிரியை இரண்டு டம்ளருக்கு இடையே காபி ஆற்றுவதுபோல நாலைந்து முறை ஆற்றிவிட்டு ஜாடியில் ஊற்றுங்கள். வாயு வெளியேறாவிட்டால், குமிழிகள் மீட்டரில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவிடும். மீட்டரை விரலால் ஒரு சுற்று சுழற்றிவிட்டு, அது அடங்கியதும் அளவைப் படியுங்கள். அளந்த பீரைத் திரும்பப் பக்கெட்டில் ஊற்றக் கூடாது. குடித்துப் பாருங்கள், இனிப்பு மிச்சம் இருக்கிறதா என்பது நாக்குக்கே தெரியும்.

ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) பார்த்தீர்களா? அப்படியானால் பிரச்சினையே இல்லாமலும் இருக்கலாம். ஆல்கஹால் கலந்த பிறகு அது கூடுதலாகக் காட்டும். முடிந்துபோன பீருக்கும் 1.020-க்கு மேல் சொல்லும். திருத்தக் கணக்கு போட்டே ஆக வேண்டும்.

இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி அளந்தும் அதே எண் என்றால், சரி, நின்றுதான் விட்டது.

படி 2: சூடாக்குங்கள்

பெரும்பாலும் குளிர்தான் காரணம். பகலில் 19 டிகிரி இருக்கும் அறை ராத்திரியில் 14-க்குப் போனால் ஏல் ஈஸ்ட் அடியில் படிந்து தூங்கிவிடும். இங்கிலீஷ் ஏல் வகைகள் இதில் இன்னும் மோசம். பக்கெட்டை 21, 22 டிகிரி உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஹீட் பெல்ட் சுற்றுங்கள். மூடியைத் திறக்காமல், பக்கெட்டை லேசாகச் சாய்த்துச் சுழற்றி, படிந்த ஈஸ்டைக் கலக்கிவிடுங்கள். குலுக்க வேண்டாம். ஈஸ்ட் போடும் நேரத்தில்தான் காற்று நல்லது. இப்போது ஆக்சிஜன் சேர்ந்தால் பீரில் ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும்.

நான்கைந்து நாள் விடுங்கள். பாதிப் பிரச்சினைகள் இங்கேயே தீர்ந்துவிடும். பெல்ஜியத்தின் டுபோன் மதுவாலையின் சேசான் (ஒரு பெல்ஜிய ஏல் வகை) ஈஸ்ட் மட்டும் தனி ரகம்: 1.035 பக்கம் வந்து நின்றுகொள்வதில் பேர்போனது. 30 டிகிரிக்கு மேல் ஏற்றினால்தான் நகரும், அல்லது பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

படி 3: சர்க்கரை மிச்சம் இருக்கிறதா?

புது ஈஸ்ட் வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. 200 மில்லி பீரைச் சுத்தமான ஜாடியில் எடுத்து, அரை பாக்கெட் ஏல் ஈஸ்ட் போட்டு, வாயைத் தளர்வாக மூடி, 25 டிகிரியில் வையுங்கள். அவ்வப்போது ஆட்டிவிடுங்கள். இரண்டு நாளில் 1.012-க்கு இறங்கினால் சர்க்கரை இருக்கிறது, உங்கள் ஈஸ்ட்தான் சோர்ந்துவிட்டது. 1.020-ஐ விட்டு அசையவே இல்லையென்றால், மிச்சம் இருப்பது ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின். எக்ஸ்ட்ராக்ட் பீர்களில் இது சகஜம். தானியத்தை 70 டிகிரியில் மாஷ் செய்திருந்தாலும் (வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரை எடுப்பது) இதே கதி. மில்க் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் லாக்டோஸ் (ஈஸ்ட் தின்னாத பால் சர்க்கரை) போட்டிருந்தால் அந்த எண் உயரமாகத்தான் நிற்கும்.

படி 4: விழித்திருக்கும் ஈஸ்ட்

சோதனை ஜாடியில் இறங்கியிருந்தால் புது ஈஸ்ட் சேர்க்கலாம். பாக்கெட்டைப் பிரித்து நேராகத் தூவினால் பலன் குறைவு. ஆல்கஹால் ஏறிய பீரில் விழும் உலர் ஈஸ்டுக்கு அது கடினமான இடம். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்டைக் கொதிக்கவைத்து, 20 டிகிரிக்கு ஆறியதும் ஈஸ்டைப் போடுங்கள். அது நுரைத்துப் பொங்கும் உச்சத்தில், வழக்கமாக 12 முதல் 24 மணி நேரத்துக்குள், அப்படியே பீரில் சத்தமில்லாமல் ஊற்றுங்கள்.

டெக்ஸ்ட்ரினை உடைக்கும் குளுக்கோஅமைலேஸ் என்சைமும் கடையில் கிடைக்கும். நான் போட மாட்டேன். அது எங்கே நிற்கும் என்று நம் கையில் இல்லை, 1.000 வரை போய், பீர் தண்ணீர் மாதிரி ஆகிவிடலாம்.

சோதனை ஜாடியும் 1.020-இலேயே நின்றதா? அப்படியானால் உங்கள் பீர் முடிந்துவிட்டது. வழக்கமான அளவு சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடையுங்கள். கொஞ்சம் கனமாக, இனிப்பாக இருக்கும், அவ்வளவுதான். அடுத்த முறை எக்ஸ்ட்ராக்டில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டுச் சாதாரண சர்க்கரை சேருங்கள்; தானியம் என்றால் மாஷை 65 டிகிரியில் வையுங்கள்.