கார் இல்லாமல் எப்படி வெளியே வருவது? அமெரிக்கச் சிறு கல்லூரி தேடும் பிள்ளைகளுக்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிறு கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பியவள் என்பதால், கிளிநொச்சியில் உயர்தரம் எழுதிய பிள்ளைகள் கல்லூரிப் பட்டியலோடு என்னிடம் வருவார்கள். கிரினெல், கார்ல்டன், கென்யன், நொக்ஸ், மெக்கலெஸ்டர். பட்டியலில் கட்டணம் இருக்கும், தரவரிசை இருக்கும். கல்லூரி எந்த மாதிரி ஊரில் இருக்கிறது என்பது மட்டும் இருக்காது.

முதலில் காசு. உதவித்தொகை சரிவராத கல்லூரி எவ்வளவு நல்ல ஊரில் இருந்தும் பயனில்லை. சரிவந்த இரண்டு மூன்றுக்குள் ஒன்றை எடுக்கும்போதுதான் இடத்தைப் பார்க்க வேண்டும். அப்போது கட்டாயம் பார்க்க வேண்டும்.

கார் இல்லாமல் அந்த ஊரைவிட்டு எப்படி வெளியே வருவது என்ற கேள்வியில் தொடங்குங்கள். ஒட்டுசுட்டானில் இருப்பவருக்கும் ஏ9 வீதியோரம் பரந்தனில் இருப்பவருக்கும் கிலோமீற்றர் கணக்கு வேறு, பஸ் கணக்கு வேறு என்று வன்னிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. கூகுள் மப்பில் கல்லூரியிலிருந்து விமான நிலையத்துக்கு வழி கேளுங்கள். கார் படத்தை விட்டுவிட்டு பஸ் படத்தை அமத்துங்கள். நொக்ஸ் இருக்கும் கேல்ஸ்பர்க்கில் அம்ட்ராக் ரயில் நிற்கும். சிக்காகோவுக்கு மூன்று மணித்தியாலம் அளவு. கலமசூ கல்லூரியின் ஊரும் சிக்காகோ–டெட்ரொயிட் ரயில் பாதையில்தான். கிரினெல், அயோவாவின் தலைநகர் டெ மொயினிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர். பெருந்தெரு பக்கத்தாலேயே போகிறது, பயணிகள் ரயில் கிடையாது. கார்ல்டனும் சென் ஓலஃப் கல்லூரியும் மினசோட்டாவில் நோர்த்ஃபீல்ட் என்ற ஒரே ஊரில் இருப்பதால் சின்ன ஊரென்றாலும் கலகலப்பு உண்டு. மெக்கலெஸ்டர் சென் போல் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. கென்யன் இருக்கும் கம்பியர், ஒஹாயோவில் ஒரு கிராமம். கல்லூரியை எடுத்துவிட்டால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. சிலருக்கு அதுதான் பிடிக்கும். என்னைக் கேட்டால், ரயில் நிற்கிற ஊருக்கு ஒரு புள்ளி கூடப் போடுவேன்.

அப்புறம் கடை. மப்பில் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்து, விடுதி வாசலிலிருந்து பக்கத்துப் பலசரக்குக் கடை வரை ‘நடந்து’ பாருங்கள். நடைபாதை எங்கே முடிகிறது என்று பாருங்கள். நான் படித்த ஊரில் பெரிய கடை நெடுஞ்சாலையோரம் இருந்தது. கடைசிப் பகுதிக்கு நடைபாதை இல்லை. செப்டெம்பரில் புல்லில் நடந்து போய்விடலாம். ஜனவரியில் பனி வழிக்கிற லொறி ரோட்டுப் பனியையெல்லாம் அந்த ஓரத்தில்தான் இடுப்பளவுக்குக் குவித்துவிட்டுப் போகும். அரிசிப் பையோடு அதில் ஏறி நடக்க ஏலாது. கல்லூரி வார இறுதியில் கடைக்கு வான் விடுமா என்று கேட்டு வையுங்கள். பாஸ்மதி எங்கும் கிடைக்கும். நம்முடைய வறுத்திடித்த தூளை இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

குளிரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். மினசோட்டாவில் சைபருக்குக் கீழே 20 பாகையும் வரும், டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டும், உண்மைதான். ஆனால் சிறு கல்லூரியில் விடுதி, வகுப்பு, சாப்பாட்டு மண்டபம் எல்லாம் சில நிமிட நடைக்குள் இருக்கும். சப்பாத்தைக் கொழும்பில் வாங்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள்.

“பெரிய நகரமென்றால் பிள்ளை பகுதிநேர வேலை செய்யலாம்” என்று அம்மாமார் சொல்வார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் கல்லூரி வளாகத்துக்குள்தான் வேலை, அதுவும் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை. வெளிக்கடையில் நிற்க முடியாது. ஆகவே ஊர் பெரிதா என்பதைவிட, நூலகத்திலும் சமையற்கூடத்திலும் முதல் வருடத்தாருக்கு வேலை கொடுக்கிறார்களா என்பதே முக்கியம்.

ஸ்காபுறோவில் மாமா இருக்கிறார், ஒஹாயோ பக்கம்தானே என்றும் ஒரு கதை வரும். மப்பில் பக்கம்தான். ஆனால் இலங்கைப் பாஸ்போட்டோடு கனடாவுக்குள் போகத் தனி விசா வேண்டும். மாமா வீட்டை நம்பி விடுமுறைத் திட்டம் போடாதீர்கள்.

விடுமுறைதான் உண்மையான சோதனை. நவம்பர் நான்காம் வியாழன் நன்றிநாள். டிசம்பர் நடுவிலிருந்து வாரக்கணக்கில் கல்லூரி படுத்துவிடும். அமெரிக்கப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பல இடங்களில் விடுதியையும் பூட்டுவார்கள். அனுமதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: குளிர்கால விடுமுறையில் வெளிநாட்டு மாணவர் விடுதியில் தங்கலாமா, அதற்குத் தனிக் காசா, சாப்பாட்டு மண்டபம் திறந்திருக்குமா, இல்லையென்றால் சமைக்க அடுப்பு உண்டா, விமான நிலையத்துக்கு வாகனம் விடுவார்களா. “உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கலாம்” என்று மட்டும் பதில் வந்தால், போன வருடம் அப்படித் தங்கிய மாணவர் ஒருவரோடு பேச முடியுமா என்று திருப்பிக் கேளுங்கள். அந்த மாணவரோடு பேசும்போது நேரத்தைக் கவனியுங்கள்: குளிர்காலத்தில் அயோவா நமக்குப் பதினொன்றரை மணித்தியாலம் பின்னால். இங்கே காலை ஏழு என்றால் அங்கே முதல்நாள் இரவு ஏழரை.