சொன்னது கேட்டதா? வகுப்பிலேயே செய்யக்கூடிய ஆறு ஒலிச் சோதனை

"சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்று ஒரு பிள்ளையைப் பற்றி எழுதும் முன், சொன்னது காதில் விழுந்ததா என்று பாருங்கள். பெற்றோரை விசாரித்தால் "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறானே" என்பார்கள். அது போதாது. பெயரில் உள்ள உயிரொலிகள் உரக்க ஒலிப்பவை, அதிர்வெண்ணிலும் தாழ்ந்தவை. ஸ், ஷ் போன்ற சன்னமான, உயர் அதிர்வெண் ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளையும் பெயருக்குத் திரும்பத்தான் செய்யும்.

முதலில் ஒரு வாரம் கவனியுங்கள். முகம் பார்த்துப் பேசும்போது சரியாக எழுதும் பிள்ளை, நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் தடுமாறுகிறதா? பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்த பிறகுதான் எழுதத் தொடங்குகிறதா? 'பணம்' என்றால் 'மணம்' என்று எழுதுகிறதா? இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். உதட்டைப் பார்த்தே சமாளிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். சளி பிடித்த பிறகு சில வாரம் மந்தமாகி, பின் தேறி, மறுபடி மந்தமானால் நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். பெரும்பாலும் வலி இருக்காது என்பதால் பிள்ளையும் வாய் திறந்து சொல்லாது.

அடுத்து ஆறு ஒலிச் சோதனை. ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற இந்த ஆறும் பேச்சின் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண் வரை பரவியிருப்பவை. மின்விசிறியை அணைத்துவிட்டு, அமைதியான அறையில், முதலில் எதிரில் நின்று விளையாட்டைப் பழக்குங்கள்: கேட்ட ஒலியைத் திரும்பச் சொல்ல வேண்டும். பிறகு பிள்ளைக்குப் பின்னால் 1 மீட்டர் தள்ளி நின்று, சாதாரணமாகப் பேசும் குரலில், ஒவ்வொன்றையும் சுமார் 2 விநாடி ஒலியுங்கள். வரிசையை மாற்றுங்கள். இடைவெளியும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. ஒருமுறை 3 விநாடி, ஒருமுறை 8 விநாடி. அடுத்து 3 மீட்டரில் இதையே செய்யுங்கள்.

சோதனை கெடுவது பெரும்பாலும் நம்மால்தான். 'ஸ்' சன்னமாக இருக்கிறதே என்று அழுத்திச் சொல்வோம்; அல்லது 'ஸு' என்று உயிரைச் சேர்த்துவிடுவோம். அப்போது பிள்ளை கேட்பது 'உ'வைத்தான். மிக அருகில் நின்றால் மூச்சுக்காற்று கழுத்தில் பட்டே கண்டுபிடித்துவிடும். தாளமாகச் சொன்னால் கேட்காமலேயே ஊகித்துவிடும். இன்னொன்று: ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளை இதில் தேறிவிடும். அதனால் இதில் தேறினாலும் சந்தேகம் தீராவிட்டால் செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அங்கே ஒவ்வொரு காதையும் தனித்தனியாக, பள்ளி வயதினருக்கு வழக்கமாக 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் 20 டெசிபல் அளவில் சோதிப்பார்கள். நடுக்காது நீரைக் கண்டறிய செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனையும் தேவை.

பேச்சில் குறை தெரிந்தாலும் முதலில் காதைத்தான் பார்க்க வேண்டும். காது சரி என்று தெரிந்த பிறகே மற்றவை. 4 வயது முடிந்த பிள்ளை பேசுவது புதியவருக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். அந்த வயதுக்குப் பிறகும் 'காக்கா'வை 'தாத்தா' என்றால் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கலாம். ஆனால் 'வாழைப்பழம்' 'வாளப்பளம்' ஆனால் அது அந்த வீட்டு வழக்கு, குறைபாடு அல்ல. "திரும்பச் சொல்லு" என்று வற்புறுத்தாதீர்கள். "ஆமா, காக்கா பறக்குது" என்று சரியான வடிவத்தை இயல்பாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

உச்சரிப்பு தெளிவாக இருந்தும் "பேனாவை மூடுறதுக்கு முன்னாடி நோட்டை எடு" என்ற சொல்லில் எது முதல் என்று பிடிபடாத பிள்ளைக்குச் சிக்கல் மொழியில் இருக்கலாம். வீட்டு மொழியிலும் அப்படியா என்று பெற்றோரிடம் கேளுங்கள். வீட்டில் இல்லை, பள்ளி மொழியில் மட்டும் என்றால், புது மொழி பழகும் காலம் அது.

திக்குபவரிடம் "மெதுவாப் பேசு" என்பதும், வார்த்தையை நாமே முடித்து வைப்பதும் வேண்டாம். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பாடம் வாசிக்க இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள்; சேர்ந்து வாசிக்கையில் திக்கல் பெரும்பாலும் வெகுவாகக் குறையும். கண்ணை இறுக்குவது, பேசவே மறுப்பது தெரிந்தால் தாமதிக்காமல் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள்.

இருக்கையைப் பொறுத்தவரை, தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் மின்விசிறி இரைச்சல் அப்படியேதான் இருக்கும். இரண்டாவது வரிசையின் ஓரம் நல்லது: உங்களையும் பார்க்கலாம், பதில் சொல்லும் மற்றவர்களையும் பார்க்கலாம். நன்றாகக் கேட்கும் காது உங்கள் பக்கம் இருக்கட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் இருட்டிவிடும். காதுக்கருவி போட்ட பிள்ளைக்கு ஆறு ஒலிச் சோதனை தினமும் காலையில் வேண்டும். பேட்டரி தீர்ந்தது, காதுக்குள் பொருத்தும் அச்சில் அழுக்கு அடைத்தது எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதத்தில் "மந்தம்", "கவனக்குறைவு" என்று எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள்: "1 மீட்டரில் ஸ் தவிர ஐந்தும் சொன்னாள். 3 மீட்டரில் ஷ், ஸ் இரண்டும் சொல்லவில்லை. இரண்டு நாள் சோதித்தும் இதே முடிவு."